விளக்கைச் சுற்றி வளையம் தெரியுதா?

கோணி ஊசியில் சணலைக் கோக்க அம்மாவுக்கு நாக்கு நுனி போதும். ஊசிக் காதை நாக்கில் வைத்து இடம் கண்டுகொள்வாள். எச்சில் தொட்டு முறுக்கிய சணலை அங்கே தள்ளினால் உடனே ஏறிவிடும். பிறகு 50 கிலோ உப்பு மூட்டையின் வாயை இரண்டு மடிப்பு மடித்து, இடது ஓரத்தில் ஒரு பிடி சாக்கை ஒதுக்கி இறுக்கிக் கட்டுவாள். மூட்டைக்குக் காது வைப்பது என்பார்கள். தூக்குகிறவனுக்குப் பிடி வேண்டுமே, அதற்காக. அந்தக் காதில் தொடங்கி, கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு குத்தாக வலது ஓரம் வரை தைத்துக்கொண்டு போய், அங்கே இன்னொரு காது வைத்து முடிச்சுப் போடுவாள். குத்துக்குக் குத்து இடைவெளி மாறாது. லாரியில் எறிந்தாலும் அவள் தைத்த மூட்டை வாய் பிளக்காது என்று சுமைக்காரர்கள் சொல்வார்கள். மரக்காணத்தில் ஓர் உப்புக் கொட்டகையில் பல வருடம் அம்மா பார்த்த வேலை இது. இரண்டு கண்ணிலும் பார்வை இல்லாமல் பார்த்தாள்.

2023இல் அவள் இறந்தபோது துக்கம் விசாரிக்க வந்தவர்களில் பலரும் ஒரே மாதிரி சொன்னார்கள்: "பாவம், பாதி ஆயுசு இருட்டுலயே போச்சு." அன்பாகத்தான் சொன்னார்கள். கூடவே வாழ்ந்த எனக்கு அது அம்மாவைப் பற்றிய பேச்சாகவே தோன்றவில்லை. கண் போன பிறகுதான் அவள் எங்கள் இரண்டு பேரையும் படிக்க வைத்தாள், கீற்றுக் கூரையைப் பிரித்துத் தளம் போட்டாள், சீட்டு நடத்தினாள், தெருப் பெண்களைத் திரட்டிக்கொண்டு கண் முகாமுக்குப் போனாள். அவள் வாழ்க்கையைப் பார்த்துப் பரிதாபப்பட ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் கண்கள் போயிருக்கவே வேண்டாம். இது இரண்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரி போகிறவர்கள் எங்கள் ஊரை ஜன்னல் வழியாகப் பார்த்திருப்பார்கள். சதுரம் சதுரமாகத் தண்ணீர், வரப்பு, வரப்போரம் வெள்ளைக் குவியல்கள். சிலர் வண்டியை நிறுத்திப் படம் எடுப்பார்கள். மூவாயிரம் ஏக்கருக்கு மேல் பரந்து கிடக்கும் உப்பளம். சிறுபாணாற்றுப்படை சொல்லும் எயிற்பட்டினம் இந்தக் கரைதான் என்பது ஆய்வாளர்கள் கருத்து. உப்பு வண்டி ஓட்டிப் போன உமணர்களும் அதே பாட்டில் வருகிறார்கள். ஆந்திரத்திலிருந்து கடலோரமாகவே வரும் பக்கிங்காம் கால்வாய் மரக்காணத்தில்தான் முடிகிறது. அம்மாவின் அப்பா காலத்தில் அந்தக் கால்வாயில் படகேறி உப்பு மதராசுக்குப் போனது. ஊருக்கு மேற்கே கழுவேலி ஏரி. 2021இல் அதைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். 2024இல் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. பூநாரை பார்க்க இப்போது தூரத்து ஊர்களிலிருந்தெல்லாம் ஆட்கள் வருகிறார்கள்.

உப்பு எப்படி விளைகிறது என்று கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அம்மாவின் கண் போன கதை அதற்குள்தான் இருக்கிறது.

மழை ஓய்ந்து தை பிறந்ததும் பாத்தி கட்டும் வேலை தொடங்கும். சேற்றைக் காலால் மிதித்து மிதித்து, தண்ணீர் கீழே இறங்காத அளவுக்குத் தரையைக் கெட்டியாக்க வேண்டும். அதன்பின் நிலத்தடி உவர்நீரையோ கழிநீரையோ இறைத்து, ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்கு மாற்றிக்கொண்டே போவார்கள். வெயிலும் காற்றும் தண்ணீரைக் குடிக்கக் குடிக்க உப்பின் அடர்த்தி ஏறும். அதை டிகிரி என்பார்கள். சாதாரணக் கடல்நீர் மூன்று, மூன்றரை டிகிரி இருக்கும். 25 டிகிரியைத் தொட்டால் உப்புப் பூக்கத் தொடங்கும். 29, 30 டிகிரிக்கு மேல் போனால் மக்னீசியம் கலந்து உப்பு கசக்கும். அந்தத் தண்ணீரை வடித்துவிட வேண்டும். ஆண்கள் வாருபலகையால் உப்பை இழுத்து வரப்போரம் ஒதுக்குவார்கள். பெண்கள் அதைச் சட்டியில் அள்ளித் தலையில் சுமந்து மேட்டில் கொட்டுவார்கள். அப்பா பலகை பிடித்தார். அம்மா சுமந்தாள்.

விடியற்காலை நான்கு மணிக்கே இறங்கிவிடுவார்கள். அப்படியும் எட்டு மணிக்குள் வேலை முடிந்துவிடாது. சூரியன் ஏறியதும் மேலிருந்து ஒரு வெயில், கீழே உப்பிலும் தண்ணீரிலும் பட்டுத் திரும்பும் இன்னொரு வெயில். தலையில் முக்காடு போட்டால் மேல் வெயிலை மறைக்கலாம். கீழிருந்து வருவதற்கு எதைப் போடுவது? கண்ணைச் சுருக்கிக்கொண்டேதான் நடப்பார்கள். அம்மாவின் கண்ணோரத்துச் சுருக்கங்கள் முப்பது வயதிலேயே வந்துவிட்டன.

வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிர்தான் இதில் ஆபத்தானது. புதிதாகப் பெய்த பனி அதில் 80 சதவீதம் வரை திருப்பியடிக்கும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பனிமலையில் கறுப்புக் கண்ணாடி இல்லாமல் நடப்பவர்களுக்குக் கண் கூசிச் சிவந்து தற்காலிகமாகப் பார்வை போவதுண்டு. உப்பளமும் வெள்ளை வெளிதான். வெயில் மட்டும் நம் சித்திரை வெயில். இந்தக் கதிர் ஆண்டுக்கணக்கில் பட்டுக்கொண்டிருந்தால் கண்ணின் வெள்ளைப் பகுதியிலிருந்து சதை வளர்ந்து கருவிழி மேல் ஏறும். கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் சீக்கிரமே மங்கிப் புரை விழும். இரண்டையும் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு பார்த்திருக்கிறேன்.

அம்மாவின் வலது கண் 1989இல் போனது. சட்டியைக் கொட்டும்போது காற்றடித்து உப்புத் தூள் கண்ணில் விழுந்தது. உறுத்தல் தாங்காமல் சேற்றுக் கையாலேயே கசக்கிவிட்டாள். கருவிழியில் சின்னக் கீறல் விழுந்திருக்கும். கிருமி இறங்கிப் புண்ணானது. பக்கத்தில் ஒரு பாட்டி பச்சிலைச் சாறு பிழிந்து விட்டார். நல்ல மனசோடுதான் விட்டார். சுத்தமில்லாத சாறு புண்ணை இன்னும் ஆழமாக்கியது. கண் ஆறியபோது கருவிழியில் பூ விழுந்திருந்தது. கருவிழிக் கீறலுக்குச் சரியான சொட்டு மருந்தை முதல் ஓரிரு நாளில் விட்டிருந்தால் அநேகமாகத் தழும்பு இல்லாமலே ஆறியிருக்கும். தமிழ்நாட்டுக் கிராமங்களில் வயலில் நெல் உமி பட்டும் கரும்புத் தோகை கிழித்தும் இப்படிக் கண்ணை இழந்தவர்கள் ஏராளம். உப்புக்காரர்களையும் அவர்களோடு சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஒற்றைக் கண்ணோடு இன்னும் பத்து வருடம் அம்மா சுமந்தாள். இடது கண்ணில் புரை விழத் தொடங்கியது அவளுக்கே தெரியும். வெயிலில் எல்லாம் பால் ஊற்றின மாதிரி தெரிகிறது என்பாள். யாரைக் கேட்டாலும் ஒரே பதில்: "புரை இன்னும் முத்தல. முத்தட்டும், அப்புறம் எடுத்துக்கலாம்."

இந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது என்று பிற்பாடு கண் மருத்துவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஒரு காலத்தில் அது நியாயமான யோசனைதான். அன்றைய அறுவை சிகிச்சையில் மங்கிய லென்ஸை முழுதாக எடுத்துவிடுவார்கள், பதிலுக்கு ஒன்றும் வைக்க மாட்டார்கள். நோயாளி வாழ்நாள் முழுவதும் சோடாபுட்டிக் கண்ணாடியோடு திரிய வேண்டும். அதனால் பார்வை நன்றாக மங்கும் வரை பொறுத்திருப்பதில் அர்த்தம் இருந்தது. கண்ணுக்குள்ளேயே செயற்கை லென்ஸ் பொருத்தும் முறை வந்ததும் அந்தக் கணக்கு மாறிவிட்டது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை 1992இல் ஆரோலேப் என்ற சொந்த ஆலையில் அந்த லென்ஸைத் தயாரிக்கத் தொடங்கியது. வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டிருந்த விலை உயர்ந்த பொருள் ஏழைக்கும் எட்டும் விலைக்கு இறங்கியது. வேலைக்குத் தொந்தரவு என்று தோன்றும்போதே புரையை எடுத்துவிடலாம் என்ற நிலை வந்துவிட்டது. ஆனால் முத்தட்டும் என்ற பேச்சு மட்டும் எங்கள் வரப்பைவிட்டு நகரவில்லை.

அளவுக்கு மீறி முத்தினால் என்ன ஆகும் என்பதைத்தான் அவளிடம் யாரும் சொல்லவில்லை. முத்திய லென்ஸ் ஊதிப் பெருத்து, கண்ணுக்குள் ஊறும் நீர் வெளியேறும் வழியை அடைத்துக்கொள்ளும். சாதாரணமாக 10 முதல் 21 வரை இருக்க வேண்டிய கண் அழுத்தம் விறுவிறுவென்று ஏறும். பார்வை நரம்பு நசுங்கும். நசுங்கிச் செத்த நரம்பை மீட்க இன்று வரை உலகில் எங்கும் வழி இல்லை.

1999ஆம் வருடம், வைகாசி மாதம், உப்பு நன்றாக விளைந்துகொண்டிருந்த நேரம். அம்மாவுக்கு ஒரு பக்கத் தலைவலி வந்தது. கண் சிவந்தது. வாந்தி எடுத்தாள். வெயில் சூடு, பித்தம் என்றார்கள். சுக்குத் தண்ணீர் குடித்துவிட்டு வேலைக்குப் போனாள். சீசனில் ஒரு நாள் விட்டால் அந்தச் சட்டிக்கு வேறு ஆள் வந்துவிடும். வலி குறைந்தபோது வெளிச்சமும் குறைந்துவிட்டது. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார், அழுத்தம் அளந்தார், பிறகு அப்பாவைத் தனியே அழைத்துப் பேசினார். நரம்பு போய்விட்டது, வலி வராமல் இருக்க மருந்து தருகிறேன் என்றார். நான் அப்போது பிளஸ் டூ எழுதி முடித்து ரிசல்ட் பார்த்திருந்தேன்.

திரும்பும்போது பஸ்ஸில் அம்மா கேட்டது இது மட்டும்தான்: "இப்ப என்னா ஊரு தாண்டுது?" கூனிமேடு என்றேன். அடுத்து அனுமந்தை வரும் என்று அவளே சொன்னாள்.

இதற்குப் பிறகு சில மாதம் அழுதாள். இல்லை என்று சொன்னால் பொய். வீட்டுக்குள்ளேயே தடுக்கி விழுந்தாள், சூடு பட்டுக்கொண்டாள், எங்களைத் திட்டினாள். மழைக்காலம் முழுக்க அப்படிப் போனது. தை பிறந்து அப்பா பாத்தி மிதிக்கக் கிளம்பிய காலையில் தானும் வருவதாக நின்றாள். சேற்றில் அப்பா தோளைப் பிடித்துக்கொண்டு மிதித்தாள். மிதிப்பதற்குக் கண் எதற்கு? தரை எங்கே இளகியிருக்கிறது, எங்கே இறுகியிருக்கிறது என்பதைப் பாதம் சொல்லும். ஆனால் சட்டி சுமந்துகொண்டு வரப்பில் நடக்க முடியாது. மேஸ்திரிதான் கொட்டகையில் மூட்டை தைக்கும் வேலையைச் சொன்னார். மூட்டைக்கு இவ்வளவு என்று கூலி. சேர்ந்த மாதத்தில் மற்றவர்களில் பாதி தைத்தாள். அடுத்த சீசனில் அவர்களுக்குச் சமமாக வந்துவிட்டாள்.

கொட்டகையில் அவளுக்கு இன்னொரு வேலையும் தானாக வந்து சேர்ந்தது. ஒரு சிட்டிகை உப்பைப் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து உருட்டுவாள். மணியின் முனை கூர்மையாக இருந்தால் நல்ல விளைச்சல். விரலில் பிசுபிசுவென்று ஒட்டினால் கசப்புத் தண்ணீரை நேரத்துக்கு வடிக்காத பாத்தி. பிறகு நாக்கில் வைத்து உறுதி செய்துகொள்வாள். டிகிரி மானி வைத்திருந்த முதலாளியே சில நாள் அவளிடம் ஒரு பிடியைக் கொண்டுவந்து நீட்டியதை நான் பார்த்திருக்கிறேன்.

கையில் காசு புழங்கியதால் அம்மா சீட்டு நடத்தினாள் என்றேன். நோட்டை எப்படி அடையாளம் கண்டாள் என்று என்னிடம் கேட்காதவர்கள் இல்லை. பழைய 500 ரூபாய் 167 மில்லிமீட்டர் நீளம். மணிக்கட்டு ரேகையில் ஒரு ஓரத்தை வைத்தால் மறு ஓரம் அவளுடைய நடுவிரல் நுனியைத் தொடும். 100 ரூபாய் பத்து மில்லிமீட்டர் குறைவு, நகத்தின் அடியோடு நின்றுவிடும். ஐம்பது அதைவிடப் பத்து குறைவு. இருபதுக்கும் ஐம்பதுக்கும் நீளம் ஒன்று, அகலத்தில் பத்து மில்லிமீட்டர் வித்தியாசம். பார்வையுள்ள நாம் கவனித்தே இராத அளவுகளை அவள் கை பாடமாக வைத்திருந்தது. சீட்டுக்காரிகள் யாரும் அவளை ஏமாற்ற முயன்றதாக நினைவில்லை. முயன்றாலும் நடந்திருக்காது.

2016 நவம்பர் 8ஆம் தேதி இரவு அந்தப் பாடம் செல்லாமல் போனது. பழைய 500 போயிற்று. புதிதாக வந்த 2,000 ரூபாயின் நீளம் 166 மில்லிமீட்டர், பழைய 500ஐ விட ஒரே ஒரு மில்லிமீட்டர் குறைவு. புதிய 500 ரூபாய் 150. அடுத்த வருடம் வந்த 200 ரூபாய் 146. அதற்கும் அடுத்த வருடம் வந்த புதிய 100 ரூபாய் 142. நோட்டுக்கு நோட்டு நான்கு மில்லிமீட்டர்தான் வித்தியாசம், அகலம் மூன்றுக்கும் ஒன்று. அதோடு பழைய நூறும் சேர்ந்து புழங்கியது. பார்வையற்றவர்களுக்காகப் புதிய நோட்டின் இரண்டு ஓரத்திலும் மேடாகக் கோடு போட்டிருக்கிறார்கள், ஐந்நூறுக்கு ஐந்து, நூறுக்கு நான்கு, இருநூறுக்கு நான்கு கோடும் இரண்டு வட்டமும். வங்கியிலிருந்து வந்த புது நோட்டில் அது தெரியும். மீன்காரி மடியில் நனைந்து வந்த நோட்டில் தெரியாது. உப்பில் வெடித்துக் காய்த்துப்போன விரலுக்குப் புது நோட்டிலும் சரியாகத் தெரியாது. அம்மா அந்த மாதங்களில் கோபமாகவே இருந்தாள். யோசித்து ஒரு வழி செய்தாள். கொடுப்பவர் சொல்லும்போதே ஐந்நூறை மடிக்காமல், இருநூறைக் குறுக்கே மடித்து, நூறை நெடுக்கே மடித்து வைத்துக்கொள்வாள். ரிசர்வ் வங்கி 2020இல் 'மணி' என்ற செல்போன் செயலியைக் கொண்டுவந்தது. கேமராவுக்கு முன்னால் காட்டினால் எத்தனை ரூபாய் என்று சொல்லும். என் போனில் போட்டுக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நல்லாத்தான் சொல்லுது. சந்தையில நின்னு இத நீட்டுனா பின்னாடி நிக்கிறவளுக்கும் என் பணம் எவ்ளோன்னு தெரியுமே" என்றாள்.

அவளுக்குப் பிடித்தவற்றைச் சொல்லாமல் விட்டால் உழைப்பு மட்டுமே அவள் வாழ்க்கை என்று ஆகிவிடும். அது சரியல்ல. கூத்து என்றால் அவளுக்கு உயிர். எங்கள் விழுப்புரம் பக்கம் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து விடிய விடிய நடக்கும். சுற்றுவட்டாரத்தில் எந்த ஊரில் கொடி ஏறினாலும் அம்மாவுக்குச் செய்தி வந்துவிடும். பாயும் போர்வையும் எடுத்துக்கொண்டு என்னையும் இழுத்துக்கொண்டு போவாள். மத்தளக்காரருக்கும் முகவீணைக்காரருக்கும் பக்கத்தில் இடம் பிடிப்பாள். வேடம் கட்டியவர் வாயைத் திறக்கும் முன்னே கால் சதங்கைச் சத்தத்தை வைத்து இன்னார் வந்துவிட்டார் என்பாள். எனக்கு மறக்காதது அர்ச்சுனன் தபசு. அர்ச்சுனன் வேடக்காரர் உயரமான தபசு மரத்தில் படிப்படியாகப் பாடிக்கொண்டே ஏறுவார். குரல் மேலே போகப் போக அம்மாவின் முகமும் மேலே நிமிரும். "பாதி ஏறிட்டாரா பாப்பா?" என்பாள். அவர் சரியாகப் பாதியில் இருப்பார். உச்சியிலிருந்து எலுமிச்சம்பழமும் பூவும் திருநீறும் வீசும்போது முந்தானையை விரித்து நிற்பாள். வயதாகியும் அந்தக் கூட்டத்தில் இடிபட்டு நிற்பதை விடவில்லை. சுமாராக ஆடினவர்களை வீட்டுக்கு வரும் வழியெல்லாம் விமர்சிப்பாள். துரியோதனன் இன்னும் அதட்டியிருக்கணும், திரௌபதி அழுகையில தாளம் விட்டுட்டான், இப்படி.

வானொலியும் அப்படித்தான். புதுச்சேரி நிலையத்தில் செய்தி முடிந்து வானிலை சொல்லும்போது வீட்டில் யாரும் பேசக் கூடாது. உப்புக்காரிக்கு மழை என்பது குவியல் கரைவது. தொலைக்காட்சி வந்த பிறகு சென்னை வானிலை மையத்தின் ரமணன் குரலுக்குக் காத்திருப்பாள். 2016இல் அவர் ஓய்வு பெற்றபோது சொந்தக்காரர் ஊர் மாறிப் போன மாதிரி வருத்தப்பட்டாள். 2020 நவம்பரில் நிவர் புயல் எங்கள் பக்கமாகத்தான் கரை கடந்தது. அப்போதும் எந்தப் பாத்தியில் குவியல் மூடாமல் கிடக்கிறது என்று பெயர் சொல்லி ஆள் அனுப்பிக்கொண்டிருந்தாள்.

முகாம் விஷயத்துக்கு வருகிறேன். 2003இல் புதுச்சேரியில் அரவிந்த் கண் மருத்துவமனை வந்தது. டாக்டர் கோ. வெங்கடசாமி அரசுப் பணியிலிருந்து 58 வயதில் ஓய்வு பெற்று, 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய மருத்துவமனையின் கிளை அது. முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன நிலையிலும் கத்தி பிடிக்கப் பழகிக்கொண்டு ஆயிரக்கணக்கான கண்களுக்கு அறுவை சிகிச்சை செய்தவர் அவர். நோயாளிகளில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு இலவசமாகவோ மிகக் குறைந்த கட்டணத்திலோ சிகிச்சை தரும் வழக்கம் அவர் ஏற்படுத்தியது. ஊர் ஊராக முகாம் போட்டுப் பார்த்து, அறுவை சிகிச்சை தேவைப்படுகிறவர்களை பஸ்ஸிலேயே அழைத்துப் போய், முடிந்ததும் திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள்.

எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் அப்படி ஒரு முகாம் என்று கேள்விப்பட்டதும் அம்மா கொட்டகைப் பெண்களைக் கிளப்பினாள். யாரும் கிளம்பவில்லை. ஒருத்தி முகத்துக்கு நேராகவே சொன்னாள்: "ஆஸ்பத்திரிக்குப் போன நீயே இப்படி நிக்கிற. உன் பேச்சைக் கேட்டு நான் வரணுமா அக்கா?"

"நேரத்துக்குப் போவாததுனாலதான்டி இப்படி நிக்கிறேன்" என்றாள் அம்மா.

அந்தப் பெண் கிளம்பினாள். ஒரு கண்ணில் லென்ஸ் வைத்துக்கொண்டு மூன்றாம் நாள் திரும்பி வந்து, அரிசியில் கல் பொறுக்கிக் காட்டினாள். அதன்பின் அம்மாவைக் கேட்டுத்தான் தெருவில் கண் வைத்தியம். அவள் தனக்கென்று சில கேள்விகள் வைத்திருந்தாள். அரிசியில கல்லு தெரியுதா? எதிர்ல வர பஸ்ஸோட நம்பரு எவ்ளோ கிட்ட வந்தா தெரியுது? ராத்திரி விளக்கைச் சுத்தி வளையம் தெரியுதா? நடக்கும்போது பக்கத்துல வரவங்க மேல இடிச்சுக்கிறியா? முதல் இரண்டும் புரைக்கு. அடுத்த இரண்டும் கண் அழுத்தத்துக்கு. கண் அழுத்த நோய் பெரும்பாலும் வலியே இல்லாமல் ஓரப் பார்வையிலிருந்து அரித்துக்கொண்டு வரும். நேர்ப் பார்வை கடைசியில்தான் போகும். அதனால் ஆளுக்குத் தெரியாது. அழுத்தம் திடீரென்று ஏறும்போது மட்டும் விளக்கைச் சுற்றி வானவில் வளையம், ஒரு பக்கத் தலைவலி, வாந்தி எல்லாம் வரும். 1999இல் தனக்கு நடந்ததை டாக்டர்களிடம் கேட்டுக் கேட்டு அவள் சேர்த்து வைத்த அறிவு அது. வளையம் தெரிகிறது என்று யாராவது சொல்லிவிட்டால் முகாமுக்குக் காத்திருக்க விடமாட்டாள். அன்றைக்கே பஸ் ஏற்றிவிடுவாள். காசு இல்லை என்றால் சீட்டுப் பணத்திலிருந்து கொடுப்பாள்.

இந்தியாவில் 2015 முதல் 2019 வரை நடந்த தேசியப் பார்வையிழப்புக் கணக்கெடுப்பில், 50 வயதைக் கடந்தவர்களின் பார்வையிழப்பில் மூன்றில் இரண்டு பங்கு புரையால் வந்தது என்று தெரியவந்தது. புரை என்பது ஒரு சின்ன அறுவை சிகிச்சையில் தீருவது. அதே கணக்கெடுப்பில் ஆண்களைவிடப் பெண்களிடம் பார்வையிழப்பு அதிகம். வீட்டில் முதலில் யாருடைய கண்ணுக்குச் செலவு செய்வார்கள் என்பது நமக்குத் தெரியாததல்ல. எங்கள் பெண்களுக்கு இன்னொரு முடிச்சும் உண்டு. தை முதல் புரட்டாசி வரை சீசன், கையில் காசு இருக்கும், நேரம் இருக்காது. ஐப்பசியில் பாத்தி மூழ்கிய பிறகு நேரம் இருக்கும், காசு இருக்காது. அம்மாவின் இடது கண் பத்து வருடம் இந்த இரண்டுக்கும் நடுவில் காத்துக்கொண்டிருந்தது.

கறுப்புக் கண்ணாடி போட்டால் என்ன என்று கேட்பார்கள். சில பெண்களுக்கு வாங்கிக் கொடுத்துப் பார்த்தேன். வியர்வை வழிந்து மூக்கிலிருந்து நழுவுகிறது. உப்புத் தூள் படிந்து கண்ணாடி மங்கிவிடுகிறது. தலையில் சட்டி இருக்கும்போது துடைக்கக் கை இல்லை. வழுக்கும் வரப்பின் விளிம்பு தெரியாமல் போனால் விழுந்து கால் ஒடியும். இதெல்லாம் உண்மையான சிரமங்கள், சோம்பலோ வெட்கமோ அல்ல. காதைச் சுற்றிக் கட்டும் வார், பக்கவாட்டு மறைப்பு, புற ஊதாக் கதிரை முழுதாகத் தடுக்கும் லேசான நிறக் கண்ணாடி, இப்படி உப்பளத்துக்கென்றே செய்து கொடுக்க வேண்டும். சாலையோரத்தில் விற்கும் வெறும் கறுப்புக் கண்ணாடி கதிரைத் தடுக்காது. இருட்டுக்குக் கண்மணி விரிந்து கதிர் இன்னும் அதிகமாக உள்ளே போகும். முக்காட்டின் மேல் அகலமான ஓலைத் தொப்பி போட்டால் மேல் வெயில் குறையும். சட்டி சுமக்காத வேலைகளில் இருக்கிறவர்கள் அதையாவது இன்றே தொடங்கலாம்.

உப்பளத் தொழிலாளர்களுக்கு வேலையில்லாத மழை மாதங்களுக்காகக் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் நிவாரணம் தமிழக அரசு இப்போது தருகிறது. அம்மாவின் காலத்தில் நெடுநாள் இல்லாத உதவி இது, பெரிய உதவி. அந்தப் பணத்துக்குப் பெயர் பதியும்போது ஒவ்வொரு தொழிலாளியும் கணக்கில் வந்துவிடுகிறார். அந்தப் பட்டியலையே எடுத்துக்கொண்டு, ஐப்பசி கார்த்திகையில் கந்தாட்டிலும் மரக்காணத்திலும் மற்ற உப்பள ஊர்களிலும் கண் பரிசோதனை வைக்கலாம். அழுத்தம் அளக்கும் கருவியும் அதில் வர வேண்டும், புரை பார்ப்பதோடு நின்றுவிடக் கூடாது. அறுவை சிகிச்சை தேவைப்படுகிறவர்களுக்குத் தை பிறப்பதற்குள் முடித்துவிட்டால், கண் ஆறுவதற்கு வேண்டிய வாரங்கள் வேலையில்லாத காலத்திலேயே கழிந்துவிடும். ஒரு நாள் கூலியும் போகாது. சட்டிக்கு வேறு ஆள் வந்துவிடுவாளோ என்ற பயமும் வேண்டாம். விழுப்புரம் மாவட்ட நிர்வாகம் நினைத்தால் வருகிற மழைக்காலத்திலேயே இதைத் தொடங்கலாம்.